எரிகோ உதை

“எரிகோ மதில சுத்தி சுத்தி வந்தாங்களே, காலால நடந்துதானே வந்தாங்க? இல்ல கையால நடந்தாங்களா?”

கேசியா இத கேட்டது எங்க கோயில் மூப்பரு வேதநாயகத்த. ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சி சனமெல்லாம் வாசல்ல செருப்பு தேடிகினு இருக்கற நேரம். காணிக்கப் பை கூட இன்னும் அவரு கையவிட்டு எறங்கல. மனுசன் மூஞ்சி சுண்டிப்போச்சி. பாஸ்டரய்யா எதையோ மறந்துட்டவரு மாதிரி திரும்பி உள்ள பூட்டாரு.

மூப்பரு கேட்டது ஒண்ணும் பெரிய தப்பில்ல. வேதத்துல இருக்கற பேரையெல்லாம் பந்து மேல வெச்சி கால்ல உதைக்கறீங்களே, உங்களுக்கு பயம்னு ஒண்ணு இல்லியான்னு கேட்டாரு. மொத நாள் சாயங்காலம் பெரியவங்க ஜெபக்கூட்டம் நடந்துகினு இருந்திச்சி. பின்னாடி மைதானத்துல இவளும் இவ பொண்ணுங்களும் “எரிகோ”, “செங்கடல்”னு தொண்ட கிழிய கத்திகினு பந்து உதைச்சாங்க. ஜெபம் பண்றவங்க எல்லாம் கண்ணத் தொறந்துட்டாங்க. நானும் தொறந்தேன். அவரு கேட்டதுக்கு தன்மையா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வராது. பாயத்தான் தெரியும்.

மூப்பரு கோவத்த அடக்கிகினு, எல்லாருக்கும் கேக்கறாப்புல ஒண்ணு சொன்னாரு. அடுத்த கமிட்டி வரைக்கும் பாப்பாராம். அந்தப் பேர வெச்சி கத்தறது நிக்கலன்னா மைதானத்து கேட்டுக்கு பூட்டு போட்டு சாவிய அவரே வெச்சிக்குவாராம்.

சித்தூர்ல வேற மைதானமே இல்லியான்னு கேப்பீங்க. கீது. எல்லாத்துலயும் பசங்க கிரிக்கெட் மட்டய வெச்சிகினு நிக்கிறானுங்க. முட்டி வரைக்கும் நிஜாரு போட்டுகினு பொம்பளைங்க ஓடினா, ஆட்டத்த விட்டுட்டு வேலியில ஏறி ஒக்காந்துக்குவானுங்க. எங்க கோயில் மைதானத்துக்கு ஆளு உயரத்துக்கு மதிலு. உள்ள யாரு ஓடறா, யாரு விழறான்னு ரோட்டுல போறவனுக்குத் தெரியாது. நர்சு வேல பாக்கற ரோஜா டூட்டி முடிஞ்சி நேரா அங்கதான் வருவா. புத்தூர் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பொண்ணு துர்காதேவி, இங்க ஆஸ்டல்ல தங்கி வேலைக்கிப் போறவ. அவ நைனா, கோயில் காம்பவுண்டுக்குள்ளன்னா மட்டும் ஆடிக்கோன்னு சொல்லியிருக்கறாரு. அந்த கேட்டு பூட்டினா ரோஜா வீட்டுக்குப் பூடுவா, துர்காதேவி ரூமுக்குப் பூடுவா, கேசியாவோட ஆட்டம் அன்னியோட சரி. அது அவளுக்கும் தெரியும், மூப்பருக்கும் தெரியும்.

அப்ப அந்தப் பேர விட்டுத்தொலைக்க வேண்டியதுதானேன்னு நானே கேட்டேன். “பேர எடுத்துட்டா கால் வேற யாருதோ ஆயிடும் பெரிம்மா”ன்னா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. ஆனா அவ சொன்னது நெசம்னு திருப்பதியில என் கண்ணால பாத்தேன். அதுக்கு முன்னாடி அவ யாருன்னு சொல்லிடறேன்.

கோயில் காம்பவுண்டுலயே இருக்கற மிஷன் ஆஸ்பத்திரி வாச்மேன் சைமனோட பொண்ணு. அவ தாயி தபிதா மாங்கா சீசன்ல பழக்கூழு ஃபேக்டரிக்கு பழம் வெட்டப் போவா, மத்த நாள்ல அங்கயே ஸ்கூல் போர்டிங்ல சமையல். கேசியா வயித்துல இருக்கும்போதே உதைச்சிகினு இருந்தான்னு தபிதா சொல்லுவா. எல்லாப் புள்ளையும் உதைக்கும், இது வெளிய வந்தப்பறமும் நிறுத்தல. கோயில்ல பெஞ்சில ஒக்காந்தா காலு ஆடும், முன்னாடி பெஞ்சே ஆடும். ரோட்டுல கெடக்கற தேங்கா ஓட்ட உதைச்சிகினே ஸ்கூலுக்குப் போவா. செருப்பு ஒரு மாசம் தாங்காது.

பந்தாட்டம் அவளுக்கு டிவிலருந்து வந்திச்சி. போர்டிங் வார்டன் ரூம்ல ஒரு டிவி. சாயங்காலம் ஜப்பான் பொம்மைப் படம் ஒண்ணு ஓடும், தெலுங்குல பேசிகினு. நானும் தபிதாவோட சேந்து அரிசியில கல்லு பொறுக்கிகினே பாத்திருக்கறேன். அதுல பசங்களுக்கு முடி முள்ளு மாதிரி நிக்கும், கண்ணு தட்டு அகலம். ஒருத்தன் பந்த வெச்சிகினு ஓடுவான், ஓடிகினே இருப்பான், நடுவுல செத்துப்போன யாரையோ நெனச்சிகினு அழுவான். பந்து கோலுகிட்ட போறதுக்குள்ள வெளம்பரம் போட்டுடுவான், மிச்சம் நாளைக்கி. எனக்கு எரிச்சலா வரும், சீக்கிரம் உதைச்சித் தொலைடான்னு சத்தம் போடுவேன். புள்ளைங்க மூச்சு விடாம பாக்கும்.

உதைக்கறதுக்கு முன்னாடி அவன் அந்த உதைக்கு ஒரு பேரச் சொல்லிக் கத்துவான். கத்தினாத்தான் பந்துல நெருப்பு புடிக்கும். இந்த இடத்துலதான் எங்க புள்ளைங்க தப்பு பண்ணிச்சிங்க. அது வெறும் படத்துக்காகப் பண்ற வேல, நெசமான ஆட்டத்துல அப்டி ஒண்ணு கெடையாதுன்னு சொல்லித்தர ஒரு ஆளு இல்ல. இங்க யாரு பந்து ஆடினா? சித்தூர்ல ஆம்பள பொறந்தா மட்டயோட பொறக்கறான். காம்பவுண்டுப் பசங்களும் கிரிக்கெட்டுதான். ஆஸ்பத்திரிக்கி வந்துட்டுப் போன ஒரு வெளிநாட்டு டாக்டரு பெரிய பந்து ஒண்ணு விட்டுட்டுப் பூட்டாரு. பசங்க அத சீண்டல. அதனால அது பொட்டப்புள்ளைங்களுக்கு வந்திச்சி. இது ஆம்பளைங்க ஆட்டம்னு சொல்லக்கூட அவங்களுக்கு ஆளு இல்ல. பேரு சொல்லிக் கத்திட்டு உதைக்கறதுதான் சட்டம்னு நெனச்சிகினு வளந்திச்சிங்க. கத்தாம உதைச்சா அது செல்லாது, திரும்ப உதைக்கணும்னு இதுங்களுக்குள்ள சண்ட வேற.

அந்தப் படத்துல வர்ற பேருங்க வாயில நொழையாது. கேசியாவுக்கு நல்லா தெரிஞ்ச பேருங்க ஞாயித்துக்கெழம ஓய்வுநாள் பள்ளியில படிச்ச வேதத்துப் பேருங்கதான். ஆளுங்கள சுத்திகினு வளைஞ்சி போற உதைக்கு எரிகோன்னு வெச்சா. ரெண்டு பேருக்கு நடுவுல பொளந்துகினு போனா செங்கடல். தூரத்துலருந்து நெத்திக்கு நேரா போனா கவண், ராட்சசன் நெத்தியில பட்ட கல்லு மாதிரி. குதிகாலால பின்னாடி தள்ளி விட்டா யோனா, மீனு துப்பின மாதிரியாம். அவளுக்கு அப்ப பத்து வயசு இருக்கும். கிண்டலுக்கு வெக்கல. எரிகோன்னு கத்தினா மதிலு விழும்னு நெசமாவே நம்பினா.

அப்பறம் பெரியவளாகி, போன்ல என்னென்னவோ படிச்சிட்டு வந்து எனக்கு சொல்லுவா. அந்த ஜப்பான்காரங்களும் முன்னாடி ஒரு மட்டயும் சின்னப் பந்துமாத்தான் ஆடிகினு இருந்தாங்களாம். பந்தாட்ட பொம்மைப் படம் வந்தப்பறம் புள்ளைங்க கூட்டம் கூட்டமா இந்தப் பக்கம் வந்துடுச்சாம். இன்னிக்கி உலகக் கோப்பையில பெரிய பெரிய தேசத்த எல்லாம் ஓட வெக்கறாங்களாம். வேற வேற தேசத்துல பேரு வாங்கின ஆட்டக்காரங்களும் சின்ன வயசுல பொம்மப் படம் பாத்துத்தான் பந்த தொட்டேன்னு சொல்லியிருக்கறாங்களாம். பொம்மையப் பாத்து மனுசன் கத்துக்கறதா, வெக்கமா இல்லியான்னு கேட்டேன். “மனுசன் யாரும் வரலியே பெரிம்மா சொல்லித்தர”ன்னா. 

வேலைன்னா ஒரு இடத்துல நிக்க மாட்டா. ஃபேக்டரில ஒரு சீசன், பழத்த பாத்தாலே கொமட்டுதுன்னு வந்துட்டா. சத்தியவேடு பக்கம் கம்பெனி பஸ்ஸுல ஏறிப் போயி ரெண்டு வருசம் செல்போன் தயார் பண்ற வேல செஞ்சா. எட்டு மணி நேரம் நின்ன இடத்துலயே நிக்கணும், கால் பைத்தியம் புடிக்கிதுன்னு விட்டுட்டா. இப்ப ஸ்கூட்டில பார்சல் கொண்டு போய் வீடு வீடா குடுக்கறா. அது அவளுக்கு ஒத்துப்போச்சி, யாரும் அவள நில்லுன்னு சொல்றதில்ல. கட்டினவன் இஸ்ரேலு தையக்காரன், ஒக்காந்த எடத்தவிட்டு எழுந்திரிக்காதவன். ரெண்டும் எப்டி ஒரு வீட்டுல கீதுன்னு எனக்கு இன்னும் புரியல. அவ நல்லவதான், ஆனா அவளோட ஒரு வேள சோறு துன்ன முடியாது. நாம மொத வாயி வெக்கறதுக்குள்ள அவ தட்டக் கழுவிட்டு நிப்பா.

பழைய கூட்டாளிங்க கல்யாணமாகி செதறிப் பூட்டாங்க. இவ விடல. ரோஜாவ புடிச்சா, துர்காதேவிய புடிச்சா, காம்பவுண்டுல இருக்கற மத்த பொம்பளைங்கள புடிச்சா. எல்லாருக்கும் அவ கத்துக்கின மாதிரியே சொல்லிக் குடுத்தா, பேரு சொல்றதோட சேத்து. துர்காதேவிதான் எல்லாரையும்விட சத்தமா கத்துவா. அவளுக்கு எரிகோ ஊரா ஆளான்னு கூடத் தெரியாது. ஆனா எரிகோன்னு சொல்லிட்டு உதைச்சான்னா பந்து வளைஞ்சிகினு போறத பாக்கணும், எங்க சபையில பொறந்ததுங்க ஒண்ணுக்கும் அப்டி வராது.

மூப்பரோட இந்த சண்ட நடந்துகினு இருக்கும்போதே திருப்பதியில பொம்பளைங்களுக்கு ஏழு ஏழு பேரு ஆட்டம் வெக்கறாங்கன்னு சேதி வந்திச்சி. ஒரு தனியார் காலேஜு மைதானத்துல. கேசியா பேரு குடுத்துட்டா. போறதுக்கு கோயில் வேனுதான். எங்க சபையில ஒரு வழக்கம், பொம்பளைங்க ஏறினா கமிட்டி ஆளு ஒருத்தரு கூட வரணும். மத்தவங்க எல்லாம் வேல கீதுன்னுட்டாங்க. வேதநாயகம் வந்தாரு. ஏன்னு கேட்டேன். அங்கயும் இதே கூச்சல் போட்டு சபை பேர கெடுக்கறாளா பாக்கணும்னாரு. நானு எலுமிச்ச சோறு கட்டிகினு, துணைக்கி ஏறினேன். சந்திரகிரி வர்ற வரைக்கும் அவரு முன்னாடி சீட்டுல, அவ கடைசி சீட்டுல. நடுவுல இருந்த நாங்க எல்லாம் திரும்பிப் பேசக்கூட பயந்தோம்.

எதிர்ல ஆடினது காலேஜுப் பொண்ணுங்க. எல்லாருக்கும் ஒரே கலரு சட்ட, பக்கத்துல கோச்சு, தண்ணி பாட்டிலு. எங்களுது இஸ்ரேலு தச்ச சட்ட, ஏழும் ஏழு அளவு. ஆட்டம் ஆரம்பிச்ச ஒடனே துர்காதேவி கோலுக்கு நேரா பூட்டா. காலத் தூக்கினா, “எரிகோ”ன்னு ஒரு கத்து. ரெஃபரி ஊதிட்டாரு. கையில மஞ்சக் கார்டு. எதிராளி கவனத்த கலைக்கற மாதிரி கத்தறது தப்பாம், பந்த அந்தப் பொண்ணுங்களுக்கு குடுத்துட்டாரு. இன்னொருவாட்டி கத்தினா வெளிய போவணும்னுட்டாரு.

எங்க பொண்ணுங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துகினாங்க. இத்தினி வருசமா சட்டம்னு நெனச்சிகினு இருந்தது குத்தமாப் பூடிச்சி. அதுக்கப்பறம் வாய மூடிகினு ஆடினாங்க. ஆடினாங்கன்னு சொல்லக்கூடாது, நின்னாங்க. கேசியா பந்து கிட்ட ஓடி வருவா, வாயி தொறக்கும், மூடிக்கும், அதுக்குள்ள பந்த புடுங்கிகினு பூடுவாளுங்க. துர்காதேவி காத்துல உதைச்சிட்டு மல்லாக்க விழுந்தா. பாதி ஆட்டத்துக்குள்ள மூணு கோலு வாங்கிட்டாங்க.

வேதநாயகத்த திரும்பிப் பாத்தேன். இவருக்கு சந்தோசமா இருக்கும்னு நெனச்சேன். கொடைய விரிச்சி புடிச்சிகினு, வெயில் இல்லாத பக்கம் புடிச்சிகினு ஒக்காந்திருக்கறாரு.

எடவேளையில துர்காதேவி அழுவறா. பேரு சொல்லாம காலு எழும்ப மாட்டேங்குதுக்கான்றா. கேசியா ஒக்காரல. எலுமிச்ச சோத்த கையில வெச்சிகினு, துன்னாம, கோடு போட்ட மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கறா. திடீர்னு சோத்த எங்கிட்ட குடுத்துட்டு ரெஃபரிகிட்ட பூட்டா. என்னவோ கேட்டா. அந்தாளு சிரிச்சிட்டு தலையாட்டினாரு. திரும்பி வந்தா.

“புள்ள பொறந்தப்பறந்தானேடி ஞானஸ்நானம்? மொதல்ல பெத்துப் போடுங்க. அப்பறம் பேரு வைங்க.”

துர்காதேவிக்கு ஞானஸ்நானம் புரியல, பெத்துப் போடறது புரிஞ்சிச்சி. கண்ணத் தொடச்சிகினு எழுந்துட்டா.

ரெண்டாவது பாதியில நான் பாத்தது வேற பொண்ணுங்கள. பேரு வாயிக்குள்ள நின்னுகினு வெளிய வர தவிக்கிது, பந்து கோலுக்குள்ள போனாத்தான் அத விடலாம், அந்த அவசரத்துலயே ஓடறாங்க. துர்காதேவி ஓரமா போயி வளைச்சி ஒண்ணு விட்டா, வலையில போய் விழுந்திச்சி. விழுந்தப்பறம் ஏழு பேரும் சேந்து “எரிகோ”ன்னு கத்தினாங்க பாருங்க, எனக்கு ஒடம்பு சிலுத்துகிச்சி. கொஞ்ச நேரத்துல கேசியா ரெண்டு பேரு நடுவுல பொளந்துகினு போயி இன்னொண்ணு. “செங்கடல்”. மூணுக்கு ரெண்டு. இன்னும் ஒண்ணு அடிச்சா சமம், நேரமும் கெடக்குது.

அப்பத்தான் வேலிகிட்ட நின்ன பசங்க நாலஞ்சி பேரு போனத் தூக்கிப் புடிச்சானுங்க. அதுல ஒருத்தனுக்கு பக்கத்து வீட்டுக்காரங்க சர்ச்சுக்குப் போறவங்களாம், அவன் கண்டுபுடிச்சிட்டான். இது பைபிள்ல வர்றது, நம்ம ஊருக்கு வந்து மைதானத்துல மதப் பிரசாரம் பண்றாங்கன்னு சொல்லிட்டான். அது வேலி பூரா பரவிடுச்சி. அவங்கள மட்டும் குத்தம் சொல்ல முடியாது, அது எப்பேர்ப்பட்ட ஊரு, ஊர நெனச்சி அவங்களுக்கு ஒரு பயம். நம்ம கோயில்ல வந்து யாராவது வேற ஏதாவது கத்தினா நாம சும்மா இருப்பமா? ஆட்டத்த நடத்தறவரு வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்து நிறுத்தச் சொல்லிட்டாரு. நேரா வேதநாயகம் முன்னாடி வந்து தெலுங்குல கேட்டாரு. ஐயா, நீங்க பெரியவரு, நெசத்தச் சொல்லுங்க. இது உங்க வேதத்து வார்த்தையா? ஆமான்னா நான் உங்க டீம வெளிய அனுப்பணும், எனக்கு வேற வழியில்ல.

மைதானம் பூரா நின்னுடுச்சி. கேசியா நடுவுல நிக்கறா, நெஞ்சு ஏறி எறங்குது.  இவரு ஆமான்னு ஒரு சொல்லு சொன்னா போதும். கத்தறதும் நின்னுடும், ஆட்டமும் நின்னுடும், கமிட்டியில இவரு நெனச்சதும் நடந்துடும். நெசத்தச் சொன்ன புண்ணியமும் வந்துடும்.

வேதநாயகம் கொடைய மடக்கினாரு. எழுந்து நின்னாரு. அவரு தெலுங்கு சுத்தத் தெலுங்கு, ஆபீசுல பேசிப் பேசி தேஞ்சது. வேதமா, அதெல்லாம் ஒண்ணுமில்ல பாபு, ஜப்பான் பொம்மைப் படம் ஒண்ணு, புள்ளைங்க டிவில பாத்து கெட்டுப்போச்சிங்க, அதுல ஒவ்வொரு உதைக்கும் இப்டி கேனத்தனமா ஒரு பேரு வெப்பான், அத கத்துதுங்கன்னாரு. அத்தோட விடல. துர்காதேவிய கைய காட்டி கூப்ட்டு, உம்பேரு சொல்லும்மான்னாரு. அவ சொன்னா. நைனா பேரு? வெங்கடசாமின்னா. கேட்டுகிட்டியா பாபு, மொதல்ல கத்தினது இந்தப் பொண்ணுதான், இதுவா பிரசாரம் பண்ணும்னு கேட்டாரு.

கேசியா வாயத் தொறந்தா. நான் பாத்தேன். வேதநாயகமும் பாத்தாரு. அவ மூடிகினா.

அந்தப் பசங்க சிரிச்சிட்டானுங்க. நடத்தறவரு நெத்தியத் தொடச்சிகினு ஊதச் சொன்னாரு. ஆட்டம் நடந்திச்சி. ஆனா எங்க பொண்ணுங்க கால்ல அந்த வேகம் இல்ல. மூணுக்கு ரெண்டுலயே முடிஞ்சி தோத்துட்டு வந்தோம்.

திரும்பி வர்றப்ப வேன்ல கடைசி சீட்டுல இருந்து அவ காலு தரையில தட்டற சத்தம் மட்டும் கேட்டுகினே இருந்திச்சி. டீக்கு நிறுத்தினாங்க. கேசியா ஒரு கிளாச எடுத்துகினு போயி மூப்பரு கையில குடுத்தா. குடுத்துட்டு போவல, எதிர்லயே நின்னா.

“எதுக்குய்யா பொய் சொன்னீங்க? நீங்க நெனச்சது தன்னால நடந்திருக்குமே.”

அவரு டீய ஊதி ஊதி குடிச்சாரு. பாதி கிளாசு காலியானப்பறம் சொன்னாரு.

“உனக்கு பூட்டு போடணும்னா நான் போடுவேன். எவனோ வந்து போடறத நான் பாத்துகினு ஒக்காந்திருக்கணுமா?”

அவரு குடிச்சி முடிக்கற வரைக்கும் அவ நின்னு, கிளாச வாங்கிகினு போயி கடையில வெச்சா. 

கமிட்டி வந்திச்சி. பொம்பளைங்க நாங்க வெளிய வெராண்டாவுல ஒக்காந்துகினு காதக் குடுத்தோம். மூப்பரே எழுந்து பேசினாரு. அது பொம்மப் படத்துப் பேருன்னு நானே நாலு பேரு முன்னாடி சொல்லிட்டு வந்துட்டேன், அங்க ஒரு நாக்கு இங்க ஒரு நாக்குன்னு எனக்கு இல்ல, அந்தக் குத்தச்சாட்ட வாபஸ் வாங்கிக்கறேன்னாரு. ஒக்காந்தாரு. உள்ள ஒரே முணுமுணுப்பு. பாஸ்டரய்யா தொண்டையக் கனைச்சிகினே இருந்தாரு. கமிட்டின்னா சும்மா விடுமா? வேற ஒருத்தரு எழுந்து, பேர விடுங்க, பந்து மதிலு தாண்டி பக்கத்து கல்லறத் தோட்டத்துல போய் விழுதே, எங்க நைனா சிலுவ மேலயே பட்டுதேன்னாரு. அது நெசம். ஒருவாட்டி இல்ல, பலவாட்டி. கடைசியில இப்டி முடிவாச்சி. கல்லற பக்கம் பூரா உயரமா வலை கட்டணும், கிறிஸ்மஸ் பாட்டு ஆரம்பிக்கறதுக்குள்ள. கட்டினா மைதானம் அவங்களுக்கு. கட்டலன்னா பூட்டு. வலை செலவு கேசியாவோடது.

மைதானம் கெடைச்சிடுச்சி, ஆடு, சிரின்னு நான் சொன்னேன். அவ சிரிக்கல. மறுநாள்லருந்து பொண்ணுங்க கத்தறாங்க, பந்து போனப்பறம் கத்தறாங்க, கூட இவ கத்தறதில்ல. உதைக்கறா, வாய மூடிகினு திரும்பி வந்துடறா. பார்சல் குடுக்கப் போற வழியில ஸ்கூட்டிய நிறுத்திட்டு என் வீட்டுக்கு வருவா, ஒக்காராம நின்னுட்டுப் பூடுவா. ஒரு நாள் கதவப் புடிச்சிகினு சொன்னா.

“அவராவது எங்களுக்காக பொய் சொன்னாரு. நான் எதுக்காக வாய மூடிகினேன் பெரிம்மா? ஒரு கோலுக்காக. அதையும் அடிக்கல.”

நான் சும்மா தடவிக் குடுக்கற ஆளு இல்ல. ஆமாண்டி, கோலுக்காகத்தான்னு சொன்னேன். நீ அன்னிக்கி நெசத்தச் சொல்லியிருந்தா துர்காதேவி நைனா அவள வீட்டுக்கு இட்டுகினு போயிருப்பாரு, வேன்ல வந்த இத்தினி பேரும் நடுங்கிகினு வந்திருப்போம், அதுவும் நெசம்தான்னேன். எது பெருசுன்னு கேட்டா. எனக்குத் தெரியாதுன்னேன். போயி பாஸ்டரய்யாவ கேளுன்னேன். கேட்டாளாம். ஜெபம் பண்ணலாம்னு சொன்னாராம்.

சித்தூர் கடைங்கள்ல பந்தாட்ட வலை வெல கேட்டா மூச்சு நின்னுடும். சூளூர்பேட்ட பக்கம் ஏரியில மீன் புடிக்கறவங்ககிட்ட பழைய வலை கெடைக்கும்னு ரோஜா சொன்னா. துணைக்கி வான்னு கேசியா என்ன இழுத்துகினு பூட்டா. திருப்பதி வரைக்கும் பஸ்ஸு, அப்பறம் ரயிலு மாறி. ஒக்கார எடம் கெடைச்சும் ஒக்காரல. கதவாண்ட நின்னுகினே வந்தா. நான் சீட்டப் புடிச்சிகினு பையக் காவல் காத்தேன்.

கடைத்தெருவுக்குப் பின்னாடி ஒரு ஆளு வலைய மரத்துல மாட்டி கிழிசல் தச்சிகினு இருந்தான். கோவர்த்தனன்னு பேரு, தமிழும் தெலுங்கும் கலந்து பேசறவன். எந்த மீனுக்கு வலைன்னு கேட்டான். மீனுக்கு இல்ல, பந்துக்குன்னா. அவன் நிமுந்து பாத்தான். கண்ணு பெரிய வலையா வேணும், காத்து புடிக்காது, மழையில கனக்காதுன்னு சொல்லிட்டு உள்ள இருந்து ஒரு சுருள உருட்டிகினு வந்தான்.

அவன் விரிக்கறான், இவ அளக்கறா. அளந்துகினே, திருப்பதியில வாய மூடிகினு முழுங்கினத பேச ஆரம்பிச்சிட்டா. இது எங்க கோயில் மைதானத்துக்கு. எங்க பொண்ணுங்க எரிகோன்னு சொல்லிட்டுத்தான் உதைப்பாங்க. அது பொம்மப் படத்துல வர்ற பேரு இல்ல. படத்துலருந்து நாங்க கத்துகினது உதைக்கறதத்தான், பேரு எங்க வேதத்துல இருக்கறது. ஒரு ஊரு, அதுக்கு பெரிய மதிலு, சனங்க சுத்தி வந்து சத்தம் போட்டாங்க, விழுந்துடுச்சி. நான்தான் அத எடுத்து வெச்சேன். பத்து வயசுல.

அவன் ஒண்ணுமே கேக்கல. யாரும் கேக்கல. பக்கத்துல மீன் கூட வெச்சிகினு இருந்த ரெண்டு பொம்பளைங்க இவள ஒரு மாதிரி பாத்தாங்க. நான் அவ கையப் புடிச்சி இழுத்தேன், அவ நிறுத்தல, முழுசா சொல்லி முடிச்சா. அந்தாளு பொறுமையா கேட்டுகினு, சரிம்மா, நல்லதும்மான்னு சொல்லிட்டு, ஓரத்துல ஒரு கிழிசல் இருந்திச்சி, அத தச்சி முடிச்சான். அப்பறம் சுருட்டிக் கட்டினான். அவ மொதவாட்டியா அன்னிக்கி கீழ ஒக்காந்தா, அந்த வலைச் சுருள் மேலயே.

வெல சொன்னான். நான் பேரம் பேச வாயெடுத்தேன், அவ கண்ணால வேணாம்னா. கயிறோட சேத்து ரெண்டாயிரத்து முந்நூறு, அப்டியே எண்ணிக் குடுத்தா.